உத்தரத்திற்கு உறுதியூட்டும் இழைக்கம்பி

தோட்டத்தில் வாழும் நம் பாட்டாளி மக்கள் பொழுது புலர்வதற்கு முன் பெரட்டுக் களத்தில் கூடுகின்றனர். பின்னர் பால்மரக் காட்டிற்குச் சென்று, நண்பகலில் பால் வாளியுடன் ஸ்டோருக்குத் திரும்புகின்றனர். அவர்களுடைய பிள்ளைகள் பள்ளியிலும் ஆயாக் கொட்டகையிலும் பகற்பொழுதைக் கழிக்கின்றனர். கோயில் மண்டபம், பொது மண்டபம், தண்ணீர்த் தொட்டி, ஆற்றுப் பாலம் ஆகியவையும் தோட்ட வாழ்வோடு பிணைந்தவை. இவற்றுள் பெரும்பாலானவற்றைத் தாங்கி நிற்பவை காங்கிரீட் உத்தரங்களே. கொத்தனார்கள் இவற்றைப் 'பீம்' என்பர். நாம் இக்கட்டுரையில் உத்தரம் என்றே வழங்குவோம்.

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் லிங்கி, சிலியாவ், ரந்தாவ், லாபு, பகாவ், தம்பின், கிம்மாஸ் ஆகிய வட்டாரங்களில் உள்ள தோட்டங்கள் பழமையானவை. அங்குள்ள கட்டடங்கள் பலவும் பல பத்தாண்டுகளாக வெயிலையும் மழையையும் தாங்கியவை. 'இத்தனை ஆண்டுகள் நின்றது இனியும் நிற்கும்' என்று எண்ணுவது மனித இயல்பு. ஆயினும் காங்கிரீட்டிற்கும் மூப்பு உண்டு, நோயும் உண்டு. நோயைக் காலத்தில் அறிந்தால் மருந்து கொடுக்கலாம். அம்மருந்துகளுள் ஒன்றாகிய இழைக்கம்பி முறையைப் பற்றியும், அதற்கு முன் விரிசலை இனங்காண வேண்டிய முறையைப் பற்றியும் இங்கே படிப்படியாக ஆராய்வோம்.

காங்கிரீட்டின் பலமும் பலவீனமும்

முதலில் ஓர் எளிய சோதனை செய்து பார்ப்போம். ஒரு சாண் நீளமுள்ள தடித்த ரப்பர்த் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பக்கவாட்டில் பேனாவினால் மேலிருந்து கீழாகச் சமதூரத்தில் பல கோடுகள் வரையுங்கள். இரு முனைகளையும் இரு செங்கற்களின்மேல் வைத்து, நடுவில் விரலால் அழுத்துங்கள். மேற்புறத்தில் கோடுகள் ஒன்றையொன்று நெருங்கி வரும். அடிப்புறத்தில் அவை விலகிச் செல்லும். பாரம் ஏறும்போது மேற்பாகம் நசுக்கப்படுகின்றது, அடிப்பாகம் இழுக்கப்படுகின்றது என்பதே இதன் பொருள்.

ரப்பர் இழுத்தால் நீளும். காங்கிரீட் அவ்வாறு நீளாது. நசுக்கும் விசையைத் தாங்குவதில் அது வல்லது. இழுக்கும் விசையைத் தாங்கும் ஆற்றலோ அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். ஆகவே வெறும் காங்கிரீட்டால் உத்தரம் வார்த்தால், அது அடிப்புறத்தில் வெடித்து முறிந்துவிடும். இக்குறையை நீக்கவே இழுவிசை ஏற்படும் இடத்தில் எஃகுக் கம்பிகளைப் புதைக்கின்றனர். பிரெஞ்சு நாட்டுத் தோட்டக்காரரான ஜோசப் மோனியே, பூந்தொட்டிகள் உடையாதிருக்கும் பொருட்டு அவற்றுள் இரும்புக் கம்பி வலையை வைத்து வார்த்து, 1867ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்று உலகெங்கும் எழுந்துள்ள மாடங்களுக்கும் பாலங்களுக்கும் இக்கருத்தே அடிப்படையாக விளங்குகின்றது.

ஒன்றை இங்கு நினைவிற் கொள்ளுதல் வேண்டும். இரு தூண்களுக்கிடையே கிடக்கும் உத்தரத்தின் நடுப்பகுதியில் இழுவிசை அடிப்புறத்தில் உண்டாகும். வாசலுக்குமேல் ஒரு முனை மட்டும் சுவரில் ஊன்றி வெளியே நீண்டிருக்கும் தளத்தில் அது மேற்புறத்தில் உண்டாகும். எந்த இடத்தில் வலுவூட்ட வேண்டும் என்பது இதைப் பொறுத்தது. இடம் மாறினால் செய்த வேலை அனைத்தும் வீண்.

கம்பியைத் தின்னும் துரு

புதிய காங்கிரீட் காரத்தன்மை மிகுந்தது. அக்காரம் எஃகின்மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கித் துருவைத் தடுக்கின்றது. நாளடைவில் காற்றிலுள்ள கரியமிலவாயு காங்கிரீட்டினுள் ஊடுருவிக் காரத்தைக் குறைக்கின்றது. கம்பிவரை இம்மாற்றம் சென்றடைந்ததும் காப்புப் படலம் அழிகின்றது. அதன்பின் ஈரமும் காற்றும் சேர்ந்தால் துரு தோன்றும். துருவானது தான் தின்ற இரும்பைக் காட்டிலும் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். உள்ளிருந்து அது நெருக்கும்போது வெளிக் காங்கிரீட் வெடித்துப் பெயர்ந்து விழுகின்றது.

தோட்டப்புறத்தில் இத்தீங்கை விரைவுபடுத்தும் காரணங்கள் சில உள்ளன. பாலை உறைய வைக்கப் பயன்படும் பார்மிக் அமிலம் காங்கிரீட்டின் காரத்தைக் கரைத்து மேற்பரப்பை அரிக்கின்றது. ஆகவே ஸ்டோரின் தரையும் வடிகாலும் தொட்டியருகிலுள்ள தூண்களும் முதலில் பாதிக்கப்படுகின்றன. போர்ட்டிக்சன் கடலோரத்தை ஒட்டிய தோட்டங்களில் கடற்காற்று சுமந்துவரும் உப்பு, கம்பியின் காப்புப் படலத்தைத் துளைத்துவிடும். ஒழுகும் கூரையும் நிரம்பி வழியும் தண்ணீர்த் தொட்டியும் உத்தரத்தை எந்நேரமும் நனைத்துக்கொண்டிருந்தால், துருவிற்கு நாமே விருந்து வைத்தவர்களாவோம்.

மற்றொரு காரணம் பாரம். ரப்பர் பயிரிடப்பட்ட நிலங்கள் பலவற்றில் இன்று செம்பனை வளர்கின்றது. ஒரு காலத்தில் பால் ஏற்றிச் சென்ற சிறு வண்டிகளுக்காகக் கட்டப்பட்ட சிறுபாலத்தின்மேல், செம்பனைக் குலைகளை மலைபோல் அடுக்கிய லாரி செல்லுமாயின், அப்பாலம் தன் கணக்கிற்கு மேற்பட்ட சுமையைத் தாங்குகின்றது என்றே கொள்ள வேண்டும்.

விரிசலைப் படிக்கும் முறை

விரிசல்கள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. மேற்பூச்சில் சிலந்தி வலைபோல் ஓடும் மயிரிழைக் கோடுகள் பெரும்பாலும் பூச்சு காய்ந்ததால் உண்டானவை. அவற்றால் ஆபத்து குறைவு. கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, உத்தரத்தின் நடுப்பகுதியில் அடியிலிருந்து மேல்நோக்கி எழும் விரிசல். வளைவினால் உண்டாவது இது. காங்கிரீட்டில் மயிரிழை போன்ற நுண்விரிசல்கள் இயல்பாகவே தோன்றும். பொதுவாக 0.3 மில்லிமீட்டர் அகலத்தை எல்லையாகப் பொறியாளர்கள் கொள்கின்றனர். நம் அடையாள அட்டையின் கனம் ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர். விரிசலில் அவ்வட்டையின் விளிம்பு நுழையுமாயின், அந்த எல்லை எப்போதோ தாண்டப்பட்டுவிட்டது என்று அறியலாம்.

இரண்டாவது, தூணை ஒட்டிய பகுதியில் சாய்வாக ஓடும் விரிசல். இது வெட்டுவிசையால் உண்டாவது. முன்னறிவிப்பு அதிகமின்றி முறிவு நேரக்கூடிய இடமாதலால், இதைக் கண்ட அன்றே தெரிவித்தல் வேண்டும்.

மூன்றாவது, கம்பி செல்லும் வழியே நீளவாக்கில் ஓடி, செந்நிறக் கறையுடன் காணப்படும் விரிசல். உள்ளே துரு வேலை செய்கின்றது என்பதற்கு இதுவே சாட்சி.

விரிசல் வளர்கின்றதா, நின்றுவிட்டதா என்பதை அறிய ஓர் எளிய வழி உண்டு. விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் சிறு கோடிட்டு, பக்கத்தில் தேதியை எழுதுங்கள். விரிசலின் குறுக்கே சுண்ணச் சாந்தினால் ஒரு மெல்லிய பட்டை இட்டு வையுங்கள். சில வாரங்களில் கோட்டைத் தாண்டி விரிசல் நீண்டாலோ, பட்டை வெடித்தாலோ, அது உயிருள்ள விரிசல். அத்தகைய குறிப்பு பொறியாளருக்குப் பெரிதும் உதவும்.

தீபாவளிக்கும் திருவிழாவிற்கும் முன்னர் சுவருக்கும் உத்தரத்திற்கும் வெள்ளையடிப்பது நம் வழக்கம். அவ்வேளையில் விரிசலைச் சிமெண்டுக் குழம்பால் அடைத்து வெள்ளை பூசி மறைத்துவிடுவோரும் உண்டு. காய்ச்சலைக் காட்டும் கருவியை உடைத்தெறிவதற்கு இது ஒப்பாகும். நோய் உள்ளேயே இருக்கும், அடையாளம் மட்டும் மறைந்துபோகும்.

சிங்கப்பூரில் 1971ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் இயங்கிய 'ஹோட்டல் நியூ வோர்ல்டு', 1986ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் சரிந்து தரைமட்டமாயிற்று. 33 பேர் உயிரிழந்தனர். 17 பேர் இடிபாடுகளிலிருந்து உயிருடன் மீட்கப்பட்டனர். கட்டடம் தன் சொந்த எடையையே தாங்குமாறு கணக்கிடப்படவில்லை என்பது பின்னர் விசாரணையில் வெளியாயிற்று. 15 ஆண்டுகள் நின்றது என்பது பாதுகாப்பிற்குச் சான்றாகாது என்பதை இந்நிகழ்ச்சி நமக்குக் கற்பிக்கின்றது.

இடிப்பதா, வலுவூட்டுவதா?

பலமிழந்த உத்தரத்தை இடித்துப் புதிதாக வார்ப்பது ஒரு வழி. செலவும் காலமும் மிகுதி; அதுவரை கட்டடத்தைப் பயன்படுத்தவும் இயலாது. உத்தரத்தைச் சுற்றிப் புதிய கம்பி கட்டி மேலும் காங்கிரீட் வார்ப்பது மற்றொரு வழி. இதனால் உத்தரம் பருத்து, அதன் எடை கூடி, தூணுக்கும் கடைக்காலுக்கும் சுமை ஏறுகின்றது. அடிப்புறத்தில் எஃகுத் தகட்டை ஒட்டுவதும் நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. அத்தகடு கனமானது, தூக்கிப் பிடிக்கச் சாரமும் ஆள்பலமும் தேவை, நாளடைவில் அதுவும் துருப்பிடிக்கும்.

இக்குறைகளைக் களையும் நோக்கில் பரவியதே இழைக்கம்பி முறை.

இழைக்கம்பி என்பது யாது?

கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். தனித்தனி நார் எளிதில் அறுந்துவிடும். பல நார்கள் ஒன்றுசேர்ந்து முறுக்கேறினால் அதுவே தேரை இழுக்கும் வடமாகின்றது. அதுபோலவே, தலைமயிரைவிட மெல்லிய ஆயிரக்கணக்கான கண்ணாடி இழைகளையோ கரி இழைகளையோ ஒன்றாக நீட்டி, பிசினில் தோய்த்து, இறுகச் செய்து கம்பியாக்குகின்றனர். இழை பலத்தைத் தருகின்றது. பிசின் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துக் காக்கின்றது. தொழிற்சாலையில் இழைகளைப் பிசினில் நனைத்துச் சூடான அச்சின் வழியே தொடர்ந்து இழுத்து இதனை உருவாக்குகின்றனர்.

இதனை எஃகோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். 10 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள கம்பி ஒன்றின் வெட்டுப்பரப்பு ஏறத்தாழ 78.5 சதுர மில்லிமீட்டர். ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 460 நியூட்டன் தாங்கும் எஃகுக் கம்பியாயின், நெகிழத் தொடங்குமுன் அது ஏறத்தாழ 3.7 டன் இழுவையைத் தாங்கும். ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 2,000 நியூட்டன் தாங்கும் கரியிழைக் கம்பியாயின், அறுபடுமுன் ஏறத்தாழ 16 டன் தாங்கும். எடையோ, எஃகுக் கம்பி மீட்டருக்கு 0.62 கிலோ, கரியிழைக் கம்பி மீட்டருக்கு ஏறத்தாழ 0.13 கிலோ. அதாவது எடை ஐந்தில் ஒரு பங்கு, பலமோ நான்கு மடங்கிற்கு மேல். மேலும் அது துருப்பிடிப்பதில்லை.

ஆயினும் இந்த 16 டன் முழுவதும் உத்தரத்தில் பயன்படும் என்று எண்ணிவிடலாகாது. கம்பி அறுபடுவதற்கு முன்னரே, அது பற்றியிருக்கும் பிசினோ அதனைச் சூழ்ந்த காங்கிரீட்டோ விட்டுவிடக்கூடும். ஆகவே பொறியாளர்கள் அப்பலத்தில் ஒரு பகுதியை மட்டுமே கணக்கில் கொள்கின்றனர்.

செய்முறை

உத்தரத்தின் மேல்தோலில் பள்ளம் கீறி, அதனுள் இழைக்கம்பியைப் பதிக்கும் முறையே நாம் இங்கு விளக்குவது. பால்மரம் சீவுவோருக்கு இது எளிதில் விளங்கும். உளியைச் செலுத்தும்போது பட்டையை மட்டும் சீவி, உள்ளிருக்கும் வளர்படலத்தைக் காயப்படுத்தாமல் நிறுத்துவதே தொழில் திறமை. மிக மேலாகச் சீவினால் பால் வாராது. ஆழமாக வெட்டினால் மரம் புண்படும். உத்தரத்தில் பள்ளம் கீறுவதும் அத்தகையதே. உள்ளிருக்கும் எஃகுக் கம்பியைத் தொடாமல் மேல்தோலோடு நிறுத்த வேண்டும்.

முதற்படி, ஆய்வு. பொறியாளர் உத்தரத்தின் அளவையும், உள்ளிருக்கும் கம்பிகளின் இடத்தையும், காங்கிரீட்டின் பலத்தையும் கருவிகளால் அறிகின்றார். மேல்தோலின் கனம் போதாத பழைய உத்தரங்களில் பள்ளம் கீற இடமிராது. அங்கே இம்முறையைக் கைவிட்டு வேறு முறையை நாட வேண்டும்.

இரண்டாம் படி, துருவை நீக்குதல். பெயர்ந்த காங்கிரீட்டைக் கொத்தி அகற்றி, கம்பியின் துருவைச் சுத்தம் செய்து, பழுதுபார்க்கும் சாந்தால் நிரப்ப வேண்டும். ஒழுகலையும் நிறுத்த வேண்டும். துருவை உள்ளே வைத்துக்கொண்டு மேலே இழைக்கம்பி பதிப்பது, சீழுள்ள புண்ணின்மேல் கட்டுப் போடுவதை ஒக்கும்.

மூன்றாம் படி, பள்ளம் கீறுதல். அறுவைச் சக்கரத்தால் இரு இணைகோடுகள் அறுத்து, இடையிலுள்ளதைப் பெயர்த்தெடுக்கின்றனர். பள்ளத்தின் அகலமும் ஆழமும் கம்பியின் குறுக்களவைப்போல் குறைந்தது ஒன்றரை மடங்கு இருத்தல் வேண்டும் என்பது அமெரிக்கக் காங்கிரீட் கழகத்தின் வழிகாட்டி கூறும் அளவு. 10 மில்லிமீட்டர்க் கம்பிக்குப் பள்ளம் 15 மில்லிமீட்டர் என்று கொள்ளலாம்.

நான்காம் படி, தூசி போக்குதல். காற்றைப் பாய்ச்சிப் பள்ளத்தை முற்றிலும் தூய்மை செய்து உலர்த்த வேண்டும். தூசியும் ஈரமும் இருந்தால் பிசின் பற்றாது.

ஐந்தாம் படி, பதித்தல். எபோக்சிப் பிசின் இரு பாகங்களாக வரும். அவற்றைத் தயாரிப்பாளர் கூறும் அளவின்படி கலக்க வேண்டும். கண்ணளவில் கலத்தல் ஆகாது. பள்ளத்தில் பாதிவரை பிசினை நிரப்பி, கம்பியை மெல்ல அழுத்த வேண்டும். பிசின் கம்பியைச் சுற்றி எழுந்து பக்கங்களை நிரப்பும். பின்னர் மேலும் பிசின் இட்டு மட்டமாகத் தேய்க்க வேண்டும். பிசின் முழுமையாக இறுகும்வரை உத்தரத்தின்மேல் பாரம் ஏற்றலாகாது.

இவ்வேலையில் கூலிக்கு அமர்த்தப்படும் தொழிலாளர்கள் தம் உடல் நலத்தையும் காத்துக்கொள்ள வேண்டும். காங்கிரீட் அறுக்கும்போது எழும் நுண்தூசி நுரையீரலில் படிந்து தீராத நோயை விளைவிக்கும். எபோக்சியின் கடினமாக்கி தோலில் பட்டால் அரிப்பும் ஒவ்வாமையும் உண்டாகும். ஆகவே முகக்கவசம், கண்ணாடி, கையுறை இவை மூன்றும் இன்றியமையாதவை.

உலகில் கண்ட சான்றுகள்

பள்ளத்தில் கம்பி பதிக்கும் எண்ணம் புதிதன்று. சுவீடன் நாட்டின் வடபகுதியான லாப்லாந்தில் ஒரு பாலத்தின் தளத்தில், வார்க்கும்போது எஃகுக் கம்பிகள் உரிய இடத்தினின்று தாழ்ந்துவிட்டன. 1948ஆம் ஆண்டில் அத்தளத்தின் மேற்பரப்பில் பள்ளங்கள் அறுத்து, எஃகுக் கம்பிகளை வைத்துச் சிமெண்டுச் சாந்தால் மூடி அதனை உறுதிப்படுத்தினர். அஸ்ப்லுண்ட் என்ற பொறியாளர் அடுத்த ஆண்டில் இதனை உலகிற்கு எடுத்துரைத்தார். எஃகிற்குப் பதில் இழைக்கம்பியும் சாந்திற்குப் பதில் எபோக்சியும் பிற்காலத்தில் இடம்பெற்றன. 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சான் டியேகோ கடற்படைத் தளத்திலுள்ள ஒரு துறைமேடையின் தளத்தை இவ்வாறு கரியிழைக் கம்பிகளால் வலுப்படுத்தினர்.

சுவிட்சர்லாந்தின் லூசேர்ன் நகருக்கருகே உள்ள இபாக் பாலத்தில் போக்குவரத்து விளக்குப் பொருத்தத் துளையிட்டபோது, பாலத்தை இறுக்கிப் பிடித்திருந்த உட்கம்பி சிதைந்தது. 1991ஆம் ஆண்டில் பேராசிரியர் உர்ஸ் மையர் உருவாக்கிய முறைப்படி அதன் அடிப்புறத்தில் கரியிழைத் தகடுகளை ஒட்டிச் சீர்செய்தனர். 175 கிலோ எஃகு செய்ய வேண்டிய வேலையை வெறும் 6.2 கிலோ கரியிழைத் தகடு செய்தது. ஒரு சிப்பம் அரிசியைவிடக் குறைந்த எடை ஒரு பாலத்தைக் காத்தது என்பது வியப்பன்றோ!

நம் நாட்டிலும் இதற்கு ஒரு பாடம் உண்டு. கோலாலம்பூர், கெப்போங்கில் உள்ள மத்திய சுற்றுச்சாலை 2இன் மேம்பாலத்தில், 2004ஆம் ஆண்டில் தூண்களின் தலைப்பகுதியில் விரிசல்கள் காணப்பட்டன. நாடே அதைப் பற்றிப் பேசிற்று. 2006ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஒரு தூணின் குறுக்குத்தரத்தில் ஒட்டப்பட்டிருந்த கரியிழைத் தகடு பெயர்ந்ததால் மேம்பாலம் போக்குவரத்திற்கு மூடப்பட்டு, மேலும் பழுதுபார்க்கப்பட்டது. கரியிழை வலியதுதான், ஆனால் விரிசலின் வேர்க் காரணம் தீராதவரை எந்த ஒட்டும் நிலைக்காது என்பதே இதனால் நாம் அறிய வேண்டிய உண்மை.

இம்முறையின் எல்லைகள்

எந்த மருந்திற்கும் பத்தியம் உண்டு. இழைக்கம்பிக்கும் உண்டு.

எஃகு முறியுமுன் நெகிழ்ந்து வளையும். உத்தரம் தொய்ந்து நமக்கு எச்சரிக்கை கொடுக்கும். இழைக்கம்பி நெகிழாது, தாங்கும் வரை தாங்கித் திடீரென அறுபடும். ஆகவே கணக்கு மிகக் கவனமாக இருத்தல் வேண்டும்.

எபோக்சிப் பிசின் வெப்பத்தில் இளகும். சாதாரணப் பிசின்கள் பல 60 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பத்திலேயே பலமிழக்கத் தொடங்கும். ரப்பர்த் தகடு உலர்த்தும் புகைவீட்டின் வெப்பமும் ஏறத்தாழ 60 பாகை வரை செல்லும். எனவே புகைவீட்டின் உட்பக்க உத்தரங்களுக்குச் சாதாரண எபோக்சி முறை ஏற்றதன்று. தீ விபத்திலும் இதே நிலைதான். பிசின் இளகிவிட்டால் கம்பி இருந்தும் இல்லாததற்குச் சமம்.

இதனாலேயே ஒரு முதன்மையான விதி வகுக்கப்பட்டுள்ளது. இழைக்கம்பி முழுவதும் பயனற்றுப் போனாலும், பழைய உத்தரம் தன் சொந்த எடையையும் வழக்கமான பாரத்தின் பெரும்பகுதியையும் தனித்தே தாங்கக்கூடியதாக இருத்தல் வேண்டும். அந்த அளவு பலமும் இல்லாத உத்தரத்திற்கு இம்முறை உதவாது. அதனை முட்டுக் கொடுத்து நிறுத்தி, இடித்துப் புதிதாக அமைப்பதே தகும். ஊன்றுகோல் நடக்கக் கூடியவருக்கே உதவும். நிற்கவே இயலாதவருக்கு அது போதாது அல்லவா?

கண்ணாடியிழைக் கம்பி விலை குறைந்தது. ஆயினும் நீண்ட காலம் ஓயாது பெரும் சுமையில் இருந்தால் அது தளர்ந்து அறுபடக்கூடும். அத்தகைய இடங்களில் கரியிழையே மேலானது. விலை குறைவு என்ற ஒன்றையே கருதி மாற்றிவிடுதல் கூடாது.

நம் கடமையும் உரிமையும்

பாட்டாளி மக்கள் பொறியாளர் ஆக வேண்டுவதில்லை. ஆனால் விரிசலை முதலில் காணும் கண்கள் அவர்களுடையவையே. ஆகவே பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

உத்தரத்தில் சாய்வான விரிசலோ, துருக்கறையோ, தொய்வோ கண்டால், அதன் கீழே பிள்ளைகள் விளையாடுவதையும் மக்கள் கூடுவதையும் உடனே நிறுத்துங்கள். மேலே குவித்துள்ள பொருள்களை அகற்றுங்கள். முட்டுக் கொடுக்க நேர்ந்தால் பாரத்தைத் தாங்கும் அளவிற்கு மட்டும் கொடுக்க வேண்டும். உத்தரத்தை மேலே உந்தித் தள்ள முயலுதல் பெரும் தவறு. தகுந்தவரின் மேற்பார்வையில் செய்வதே நலம்.

மண்டோரிடமோ கிராணியிடமோ வாய்மொழியாகச் சொல்வதோடு நில்லாமல், நிர்வாகத்திற்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். கண்ட நாள், இடம், விரிசலின் அளவு ஆகியவற்றைக் குறிப்பிட்டு, ஒரு படியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். இன்று கைத்தொலைபேசியில் படமெடுப்பதும் எளிது. அளவு விளங்கும்படி பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்து எடுங்கள். வங்காளதேசம், இந்தோனேசியா, நேப்பாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்து நம்மோடு உழைக்கும் நண்பர்களுக்கும் இச்செய்தியை எடுத்துச் சொல்லுங்கள். உத்தரம் விழும்போது நாடும் மொழியும் பார்த்து விழுவதில்லை.

தொழிலாளர் குடியிருப்புப் பற்றிய 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம், குடியிருப்புக் கட்டடங்களை நல்ல நிலையில் பழுதுபார்த்து வைத்திருக்கும் பொறுப்பு முதலாளியைச் சார்ந்தது என்று வகுத்துள்ளது. அனுமதியின்றிக் கட்டடத்தை நீட்டுவதும் மாற்றுவதும் கூடாது என்பதும் அதில் அடங்கும். ஆகவே லயத்தின் தூணை அகற்றிக் கூடத்தை அகலமாக்குவது போன்ற செயல்களில் நாமும் ஈடுபடலாகாது. இச்சட்டம் பற்றிய முறையீடுகளைத் தொழிலாளர் இலாகாவிடம் கொண்டு செல்லலாம்.

வேலையிடத்தைப் பொறுத்தவரை, 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் நமக்குத் துணை நிற்கின்றது. 2024ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த திருத்தம், உயிருக்கு உடனடி ஆபத்து உண்டென்று நியாயமாக நம்பும் தொழிலாளி, முதலாளிக்கு அதைத் தெரிவித்தும் நடவடிக்கை எடுக்கப்படாவிட்டால், அவ்விடத்தினின்று விலகிச் செல்லும் உரிமையை அளித்துள்ளது. ஸ்டோரின் உத்தரம் பெயர்ந்து விழும் நிலையில் இருக்கும்போது, அதன் கீழ் நின்று பால் ஊற்றியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதை நம் மக்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

வலுவூட்டும் பணியை எவரும் தம் விருப்பப்படி செய்தல் கூடாது. மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பதிவுபெற்ற பொறியாளரின் கணக்கும் கையொப்பமும் தேவை. கோயில் நிர்வாகக் குழுவினரும், பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரும், 'குறைந்த விலையில் முடித்துத் தருகிறேன்' என்று வருவோரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: விரிசலுக்குக் காரணம் யாது? கணக்கிட்டவர் யார்? இழைக்கம்பி இல்லாமலே இவ்வுத்தரம் எவ்வளவு தாங்கும்? இக்கேள்விகளுக்கு விடை கூறத் தயங்குபவரிடம் பணியை ஒப்படைத்தல் ஆகாது.

இறுதியாக ஒரு செய்தி. பாலங்களின் உத்தரங்களுக்கும் தூண்களுக்கும் இடையே மெத்தைபோல் வைக்கப்படும் தாங்கிகளை இயற்கை ரப்பரால் செய்கின்றனர். இங்கிலாந்தின் லிங்கன் நகரிலுள்ள பெல்லம் பாலத்தில் 1957ஆம் ஆண்டில் இத்தகைய தாங்கிகள் பொருத்தப்பட்டன. 2014ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பினாங்கின் இரண்டாம் பாலத்திலும் நிலநடுக்கத்தின் அதிர்வைத் தணிக்கும் இயற்கை ரப்பர்த் தாங்கிகள் உள்ளன. பால்மரம் சீவும் கைகள் தரும் பொருள் உலகின் பாலங்களைத் தாங்குகின்றது. அக்கைகளுக்கு உரியவர்களின் தலைக்குமேல் உள்ள உத்தரமும் உறுதியாக இருப்பதே முறை. அதற்கு முதல் வேலை, இவ்வாரமே தலைநிமிர்ந்து ஒருமுறை பார்ப்பதுதான்.

பயிற்சி வினாக்கள்

1. இரு தூண்களுக்கிடையே உள்ள உத்தரத்தில் எஃகுக் கம்பி ஏன் அடிப்புறத்தில் வைக்கப்படுகின்றது? வாசலுக்குமேல் நீண்டிருக்கும் தளத்தில் அது எப்புறத்தில் இருத்தல் வேண்டும்?

2. பொறியாளரிடம் உடனே தெரிவிக்க வேண்டிய விரிசல்கள் மூன்றினையும், அவற்றின் காரணங்களையும் கூறுக.

3. 12 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள இழைக்கம்பிக்குப் பள்ளம் குறைந்தது எவ்வளவு ஆழம் வேண்டும்? (விடை: 18 மில்லிமீட்டர்)

4. புகைவீட்டின் உட்புற உத்தரத்திற்குச் சாதாரண எபோக்சி ஏன் ஏற்றதன்று?

5. உங்கள் தோட்டத்தில் உள்ள பொதுக் கட்டடம் ஒன்றினைத் தேர்ந்தெடுத்து, அதன் உத்தரங்களைப் பார்வையிட்டு, கண்டவற்றைத் தேதியுடன் எழுதுக. ஐயப்பாடு தோன்றினால் நிர்வாகத்திற்கு அனுப்ப வேண்டிய கடிதத்தையும் வரைக.